வாசலில் நின்றவர் மைக்குக்கு வந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

நைட்கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். ஆடை, அலங்காரம், பேச்சு எல்லாமே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அந்த ஆளைப் பார்க்கவே பாதிப் பேர் வருவார்கள். என்றைக்காவது ஒருநாள் யாரோ அவரிடம், "நீங்களே ஒரு பாட்டுப் பாடிவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். நடன இசையில் இது திரும்பத் திரும்ப நடப்பதுதான். பெரும்பாலும் ஒரு சிங்கிளோடு, அதாவது தனியாக வெளியிடும் ஒரு பாட்டோடு, கதை முடிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அப்படி முடியாத ஒன்று. 1978க்கும் 1985க்கும் இடையில் லண்டனில் நடந்தது. மையத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் போடவில்லை. வாசல்காரர், டிஜே, தயாரிப்பாளர் என்று வேலையை வைத்தே அழைக்கிறேன். ஊரும் கிளப்பும் வருடமும் நிஜம்தான். தேடினால் ஐந்து நிமிடத்தில் ஆள் கிடைத்துவிடுவார். பெயரைச் சொன்னால் பேச்சு ரசிகர் சண்டையாகத் திரும்பிவிடும், அதனால்தான் தவிர்த்தேன்.

பின்னணி

வாசல்காரர் தெற்கு வேல்ஸில் ஒரு சிறிய ஊர்ப் பையன். பிறந்தது 1959. 1976ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, இனி இந்த ஊரில் இருப்பதில்லை என்று லண்டனுக்குக் கிளம்பியவர். வந்த புதிதில் பங்க் கூட்டத்தின் ஓரங்களில் சுற்றினார். சொல்லிக்கொள்ளும்படி இசைப் பயிற்சி கிடையாது. வாத்தியம் வாசிக்கிறவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

டிஜே வேறு வகை. ரிச் கிட்ஸ் என்ற குழுவில் டிரம்மராக இருந்தவர். அந்தக் குழுவில் பாடியவர்தான் நாம் தயாரிப்பாளர் என்று அழைக்கப்போகிறவர். 1978 முடிவதற்குள் அந்தக் குழு கலைந்துவிட்டது.

அதே வருடம் இலையுதிர்காலத்தில், சோஹோவில் பில்லீஸ் என்ற சிறிய கிளப்பில் வாசல்காரரும் டிஜேயும் சேர்ந்து செவ்வாய்க்கிழமைகளில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் பாட்டுகளுக்கென்று ஓர் இரவு நடத்தத் தொடங்கினார்கள். ஏன் செவ்வாய்? வாரத்தில் கூட்டமே வராத நாள் அது. காலியாகக் கிடக்கும் இரவை யார் கேட்டாலும் முதலாளி கொடுத்துவிடுவார். புது ஆட்களுக்குக் கிளப் தொழிலில் கதவு திறப்பது எப்போதும் இப்படித்தான்.

1979 தொடக்கத்தில் இடம் மாறியது. கோவென்ட் கார்டன் பக்கம், கிரேட் குவீன் தெருவில் பிளிட்ஸ் என்ற ஒயின் பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தை நினைவூட்டும் அலங்காரம் செய்த இடம். அங்கேயும் செவ்வாய்க்கிழமைதான். கொஞ்ச தூரத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி. ஃபேஷன் படிக்கிற மாணவர்கள், பூட்டிக் கிடந்த வீடுகளில் வாடகையில்லாமல் குடியிருந்த இளைஞர்கள், வேலையில்லாதவர்கள் எல்லோரும் கையில் கிடைத்த பழைய துணியைத் தைத்து, வெட்டி, சாயம் போட்டு உடுத்திக்கொண்டு வந்தார்கள்.

வாசலில் கவனித்தவை

வாசல்காரரின் வேலை, உள்ளே யாரை விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானிப்பது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அதற்குள் மூன்று வேலை இருந்தது: ஒரு பார்வையில் ஆளை எடைபோடுவது, மனம் நோகவோ சிரிக்கவோ வைக்கும் ஒரு வரியைச் சட்டென்று சொல்வது, வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் தன்னையே பார்க்கும்படி நிற்பது. மூன்றாவதுதான் முக்கியம். அவருடைய தோற்றம் வாரத்துக்கு வாரம் மாறியது. இன்று பாதிரியார் போல, அடுத்த வாரம் பழைய நாடகத்திலிருந்து இறங்கி வந்தவர் போல. முகத்தில் பூச்சு தடிமனாக இருக்கும், முகம் அசையாது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகரை வாசலில் நிறுத்திய கதையை எல்லோரும் சொல்வார்கள். உடை சரியில்லை என்று திருப்பிவிட்டார் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. வாசல்காரர் பின்னாளில் சொன்ன காரணம் வேறு: உள்ளே ஆள் நிரம்பியிருந்தது, தீயணைப்புத் துறையின் எச்சரிக்கை தலைக்கு மேல் தொங்கியது, இன்னும் ஒருவரை விட்டால் உரிமம் போய்விடும். இரண்டில் பத்திரிகைக்கு எது பிடிக்கும் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கும். மறுத்து அலைந்ததாகத் தெரியவில்லை. அவரை வைத்துப் பாட்டு வெளியிட நினைத்தவர்களுக்கு அவர் குரலைவிட இந்தச் சாமர்த்தியம்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம் டிஜே பக்கம். அவர் போட்ட இசை போவி, பிறகு ராக்ஸி மியூசிக், கிராஃப்ட்வெர்க் என்ற குழுக்கள். மின்னணு ஒலியும் ஆடத்தக்க தாளமும் ஒன்றாக இருக்கிற ரெக்கார்டுகள் அன்றைக்குக் குறைவு. இரவு முழுக்கப் போட்டால் சீக்கிரமே கையிருப்பு தீர்ந்துவிடும், அதையே திரும்பப் போட வேண்டும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: பாட்டு கிடைக்கவில்லையா, நாமே செய்வோம். ரிச் கிட்ஸ் கலைந்தபோது ஈ.எம்.ஐ. இசை நிறுவனத்தின் ஸ்டுடியோவில் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் மிச்சம் இருந்தது. அந்த நேரத்தில் தயாரிப்பாளரும் டிஜேயும் மாதிரிப் பதிவுகளைச் செய்தார்கள். 1969ல் அமெரிக்க சார்ட்டில் (விற்பனைப் பட்டியலில்) முதலிடம் பிடித்த பழைய பாட்டு ஒன்றை சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் திரும்பச் செய்ததும் அதில் ஒன்று. பெரிய கனவு எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை போட நமக்கென்று நாலு ரெக்கார்டு வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது முடிவு: முன்னால் நிற்க வாசல்காரரை அழைப்பது. தயாரிப்பாளர் நன்றாகவே பாடுவார், ஆனாலும் முகப்பில் நிற்க வேறொருவரைக் கூப்பிட்டார். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. அந்த இசையைக் கேட்கப்போகிற கூட்டம் ஏற்கெனவே வாரம்தோறும் வாசல்காரரிடம் அனுமதி வாங்கித்தான் உள்ளே வருகிறது. பத்திரிகைக்காரர்களும் அவர் படத்தைத்தான் கேட்கிறார்கள்.

மூன்றாவது முடிவு, முகம் அவருடையது என்றால் குரலும் அவருடையதாகவே இருக்கட்டும் என்பது. இதை யாரும் தனியாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்த மாதிரி தெரியவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய முடிவு. பின்னணிப் பாடகரோடு வளர்ந்த நமக்கு முகம் ஒருவர், குரல் ஒருவர் என்பதில் உறுத்தல் எதுவும் இல்லை; யார் பாடினார் என்று டைட்டிலிலேயே போட்டுவிடுகிறோம். நடன இசையில் அந்தப் பெயர் போடும் பழக்கம் இல்லாததால்தான் வம்பு வந்தது. பத்து வருடம் கழித்து, 1989ல் இத்தாலியக் குழு ஒன்றின் பாட்டு பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. திரையில் வாயசைத்தவர் ஒரு மாடல். பாட்டின் உயிரான அந்தக் குரல் அமெரிக்கப் பாடகி லொலீட்டா ஹாலோவேயின் 1980ஆம் வருடப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. அவர் சும்மா விடவில்லை. வாசல்காரர் விஷயத்தில் அந்தச் சிக்கல் வர வழியே இல்லாமல் போனது.

சரி, பாடத் தெரியாதவரை எப்படிப் பாட வைப்பது? ரெக்கார்டுகளைக் கேட்டாலே தெரிகிறது. மெட்டு குறுகிய எல்லைக்குள் நடக்கிறது. உச்ச ஸ்தாயிக்கு இழுப்பதில்லை, கமகம் போல எதையும் கேட்பதில்லை. சரணங்கள் பாதி பேச்சு. பின்னால் அடுக்கடுக்காகக் குரல்கள், எதிரொலி. கீழே ஓடுகிற சிந்தசைசர் மூச்சு விடாது, தாளம் தளராது. அதற்கு மேல் உணர்ச்சி காட்டாத தட்டையான குரல் வந்தால் அது குறையாகத் தெரியாது, பாணியாகத் தெரியும். வாசலில் அசையாமல் நின்ற அதே முகத்துக்கு ஏற்ற குரல். ஆளைப் பாட்டுக்கு மாற்றவில்லை, பாட்டை ஆளுக்குத் தைத்தார்கள்.

நான்காவது முடிவுதான் பின்னால் வினையானது. வாசிக்க ஆள் வேண்டுமே என்று அல்ட்ராவாக்ஸ் குழுவிலிருந்து கீபோர்டுக்காரர் ஒருவரையும், மேகஸின் குழுவிலிருந்து மூன்று பேரையும் அழைத்தார்கள். எல்லோருமே கெட்டிக்காரர்கள். எல்லோருக்கும் வேறு வீடு இருந்தது. தயாரிப்பாளரே 1979ல் அல்ட்ராவாக்ஸில் சேர்ந்துவிட்டார். ஆக, குழு என்று பெயர் இருந்ததே ஒழிய, வாசல்காரரையும் டிஜேயையும் தவிர மற்றவர்கள் விருந்தாளிகள்.

முதல் சிங்கிளும் ஒரு கடற்கரையும்

முதல் சிங்கிள் 1979ல் ரேடார் நிறுவனத்தில் வந்தது. சிகரெட்டைப் பற்றிய பாட்டு. சார்ட்டில் ஏறவில்லை. அடுத்த ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் வெளிவரவில்லை. ஆனால் வாசலில் வேலை நடந்துகொண்டே இருந்தது.

1980 நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை டேவிட் போவியே பிளிட்ஸுக்கு வந்தார். புதுப் பாட்டின் வீடியோவுக்கு வாசல்காரரையும் அங்கே வந்திருந்த இன்னும் மூன்று பேரையும் கேட்டார். மறுநாள் விடியற்காலையில் வேனில் ஏறினார்கள். வெளிநாட்டுக்குப் போகிறோம் என்ற கனவோடு கிளம்பியவர்கள் போய் இறங்கியது இங்கிலாந்தின் தென்கரையில், ஹேஸ்டிங்ஸ் பக்கம் ஒரு கடற்கரை.

காட்சி இது: கோமாளி உடையில் போவி நடக்கிறார், கூடவே இந்த நால்வர், பின்னால் ஒரு புல்டோசர் மெதுவாக ஊர்ந்து வருகிறது. வாசல்காரரின் அங்கி தரையில் புரளும் நீளம். அதன் விளிம்பு புல்டோசரில் போய் மாட்டிக்கொண்டே இருந்தது. அதனால் நடந்துகொண்டே குனிந்து, கையால் துணியை இழுத்து ஒதுக்கினார். வீடியோவில் பார்த்தால் சடங்கில் வணங்குகிற அசைவு போலிருக்கும்! போவிக்கு அது பிடித்துப்போய், அந்த வருடமே தன் அடுத்த வீடியோ ஒன்றில் பயன்படுத்திக்கொண்டார். அங்கியைக் காப்பாற்றப் போன கை ஒரு முத்திரையானது. வாசல்காரரின் திறமை எது என்று கேட்டால் நான் இந்த ஒரு காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஆகஸ்டில் போவியின் அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் போனது. பாட்டு ஓடிய வீடுகளிலெல்லாம் வாசல்காரரின் முகமும் போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் பிளிட்ஸ் செவ்வாய்க்கிழமைகள் முடிவுக்கு வந்தன. நவம்பரில் பாலிடோர் நிறுவனம் குழுவின் முதல் ஆல்பத்தையும் இரண்டாவது சிங்கிளையும் வெளியிட்டது. பாட்டுக்குக் கூட்டம் தந்த கிளப், பாட்டு வெளிவந்தபோது இல்லை.

இரண்டாவது சிங்கிள்

இந்தப் பாட்டு பிறந்த இடத்தில் வாசல்காரர் இல்லை. பிரிட்டிஷ் பாடகர் கேரி நியூமனின் 1979 சுற்றுப்பயணத்தில், நிகழ்ச்சிக்கு முன் ஒலி சரிபார்க்கிற நேரத்தில், அல்ட்ராவாக்ஸ் கீபோர்டுக்காரரும் நியூமனின் குழுவில் இருந்த இன்னொருவரும் வாசித்துப் பார்த்த மெட்டு அது. வெறும் வாத்திய இசை. பிறகு தயாரிப்பாளர் வரிகளும் பாடும் மெட்டும் எழுதினார். நடுவே ஒரு பெண் குரல் பிரெஞ்சில் பேசுகிறது. அது டிஜேயின் அன்றைய தோழி, லக்ஸம்பர்க்கைச் சேர்ந்தவர். வீடியோவில் அந்தப் பிரெஞ்சு வரிகளுக்கு வாயசைப்பவர் வேறு பெண், பிளிட்ஸில் கோட்டு வாங்கி வைக்கும் அறையில் வேலை பார்த்தவர். ஆக, முகம் வேறு குரல் வேறு என்ற வித்தை இந்தப் பாட்டிலும் இருந்தது, நாயகனிடத்தில் மட்டும் இல்லை.

மெதுவாகத்தான் ஏறியது. 1981 தொடக்கத்தில் பிரிட்டனில் 8ஆம் இடம் வரை வந்தது. ஜெர்மனியில் முதலிடம். பூச்சு பூசிய, அசையாத முகம். அதற்கேற்ற தட்டைக் குரல். கீழே குளிர்ந்த சிந்தசைசர். இருபத்தொரு வயதில் வாசல்காரர் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பாடகர்.

எழுதியவர்கள் என்று பாட்டில் மூன்று பெயர் உண்டு: கீபோர்டுக்காரர், நியூமன் குழுவைச் சேர்ந்தவர், தயாரிப்பாளர். வாசல்காரர் பெயர் இல்லை. அவர் எழுதவில்லை, அதனால் இல்லை. அதில் அநியாயம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு பாட்டு வானொலியில் ஒலிக்கும்போதெல்லாம் எழுதியவருக்குப் பங்கு தனியாகப் போகும். பாட்டு எத்தனை வருடம் ஓடுகிறதோ அத்தனை வருடமும் போகும். நாற்பது வருடம் ஓடப்போகிற பாட்டு அது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பின்னால் நடந்தது

1981ல் இன்னும் இரண்டு சிங்கிள்கள், 13ஆம் இடமும் 21ஆம் இடமும். 1982 மார்ச்சில் இரண்டாவது ஆல்பம், பிரிட்டனில் 6ஆம் இடம் வரை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் காலம் முழுக்க அவர்கள் சுற்றுப்பயணம் போகவில்லை. தொலைக்காட்சி, வீடியோ, பத்திரிகைப் படம், விருந்து, இவைதான். போக முடியாது என்பதே உண்மை. அல்ட்ராவாக்ஸ் 1981ல் பெரிய குழுவாகிவிட்டது, தயாரிப்பாளரும் கீபோர்டுக்காரரும் அதனோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். மேகஸின் ஆட்கள் கலைந்து வேறு வேறு இடங்களுக்குப் போனார்கள்.

வாசல்காரரும் பழைய தொழிலை விடவில்லை. டிஜேயோடு சேர்ந்து 1981ல் பேக்கர் தெருவில் ஒரு கிளப், 1982ல் கேம்டன் பேலஸ் என்ற பிரம்மாண்டமான இடம். பகலில் பாடகர், இரவில் விருந்து நடத்துகிறவர். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடை இல்லாத பாடகருக்கு ரசிகர்களை நேரில் சந்திக்க இருந்த ஒரே இடம் அந்தக் கிளப் வாசல்தான்.

1982லேயே தயாரிப்பாளர் விலகினார். மேலாண்மை நிறுவனத்தோடு ஒப்பந்தத் தகராறு வந்து பதிவுகள் தடைபட்டன. இதற்குள் அதே பிளிட்ஸில் கோட்டு வாங்கி வைத்த இன்னொரு பையன் 1982ல் கல்ச்சர் கிளப் என்ற குழுவோடு வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். மூன்றாவது ஆல்பம் வர 1984 அக்டோபர் ஆகிவிட்டது. 79ஆம் இடம். 1985ல் குழு இல்லை. அதே காலத்தில் பிடித்த ஹெராயின் பழக்கத்தோடு அவர் பல வருடம் போராடினார். 2002ல் வெளியான சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

2013ல் வேறு ஆட்களோடு அதே பெயரில் நான்காவது ஆல்பம் கொண்டு வந்தார். மேடையேறியும் பாடினார். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். 2015 பிப்ரவரியில் எகிப்தில் மாரடைப்பில் இறந்துபோனார்.

என்ன மாற்றியிருக்கலாம்

அவரைப் பாட வைத்ததில் தவறில்லை. பாட்டை அவர் அளவுக்குத் தைத்ததும் சரி; அதை அப்படியே செய்யலாம். பின்னாளில் நியூயார்க் கிளப் பிரபலங்கள் பலர் பாட்டு வெளியிட்டபோதும் பேச்சையும் அதட்டலையும் நடையையும்தான் தாளத்தின் மேல் வைத்தார்கள். சங்கீதம் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தால் ஆள் கெட்டிருப்பார்.

கோட்டு அறைப் பையனை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. அவர் நிஜமாகவே பாடுவார், அது ஒன்று. அதை யாரும் வாங்கிக் கொடுக்க முடியாது. இன்னொன்றை வாங்கியிருக்கலாம்: அவர் குழுவில் நால்வரும் முழுநேரம் அங்கேயே இருந்தார்கள், பாட்டுகளை நால்வர் பெயரிலும் போட்டார்கள். ஒருவர் மெட்டுப் போட்டாலும் பங்கு நாலாகப் பிரிந்தது. வாசல்காரர் குழுவில் வெற்றிப் பாட்டின் பங்கு போன இடமும், அதை ஊர் ஊராகச் சுமந்த முகமும் வெவ்வேறு. மெட்டு எழுதாதவருக்கு எழுத்துப் பங்கு கொடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தோற்றமும் வீடியோவும் அவரிடமிருந்து வந்தன, பாட்டு விற்றதில் அவற்றுக்குப் பாதி இடம் உண்டு. அதற்கென்று தனியாக ஒரு விகிதம் 1980லேயே தாளில் ஏறியிருக்க வேண்டும். கிளப்பில் உள்ளே யார், வெளியே யார் என்று அத்தனை கறாராக இருந்தவர் இதைக் கேட்காமல் விட்டது ஆச்சரியம்தான். ஆனால் இருபது, இருபத்தொரு வயது. கூட இருந்தவர்கள் நண்பர்கள். நண்பர்களிடம் யார் தாள் கேட்பார்கள்?

அடுத்தது மேடை. விருந்தாளிகளை ஸ்டுடியோவோடு நிறுத்திக்கொண்டு, மேடைக்கென்று சம்பளத்துக்கு இரண்டு வாத்தியக்காரர்களை வைத்து, மீதியை டேப்பில் ஓடவிட்டு, 1981லேயே சின்னச் சின்ன கிளப்புகளில் அரை மணி நேர நிகழ்ச்சி நடத்தியிருக்கலாம். அந்த இசைக்கு அது போதும், பாதி எந்திரம்தானே வாசிக்கிறது. குரல் ஆரம்பத்தில் தடுமாறியிருக்கும். ஆனால் மூன்று வருடம் வாரத்துக்கு இரண்டு முறை பாடியிருந்தால், தயாரிப்பாளர் போன அன்றைக்கு வாசல்காரர் கையில் ஒரு நிகழ்ச்சி இருந்திருக்கும், கூடவே வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்திருப்பார்கள். 1984ல் மூன்றாவது ஆல்பம் வந்தபோது, இரண்டு வருடமாகக் காணாமல் போன ஒருவரின் படம்தான் கடை அலமாரியில் இருந்தது.